விதை முற்றட்டும், பிறகு வெட்டுங்கள்

சாலையோரங்களைப் பராமரிக்கும் துறைகளின் பொறியாளர்களுக்கும், புல்வெட்டும் அட்டவணையில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும், வெயிலில் இயந்திரம் ஓட்டும் ஊழியர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

பல ஆண்டு வறட்சிக்குப் பிறகு மழை பெய்திருக்கிறது. அந்த மழையைத் தொடர்ந்து வந்த வசந்தத்தில், உங்கள் பொறுப்பில் உள்ள சாலைகளின் இருபுறமும் காட்டுப்பூக்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பூத்திருக்கின்றன. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, யாரும் காவல் நிற்கவில்லை. இன்னும் சில நாட்களில் வழக்கமான அட்டவணைப்படி புல்வெட்டி இயந்திரங்கள் கிளம்பிவிடும். அதற்கு முன் இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேர வேண்டுமே என்ற பதற்றத்தோடு எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பூக்கள் காய்த்து, காய் முற்றி, விதை மண்ணில் விழும்வரை வெட்டாதீர்கள். எல்லா ஆண்டுகளிலும் இதைக் கடைப்பிடித்தால் மகிழ்வேன். ஆனால் வறட்சி முடிந்த முதல் ஆண்டில் இதைத் தள்ளிப்போடவே முடியாது. அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

முதலில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அரசுத் துறைக்கு எழுதும் மடலில் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டா என்று சிலர் யோசிக்கலாம். உண்டு என்றே நான் நம்புகிறேன். அணையின் நீர்மட்டத்தையும் விளைச்சலின் கணக்கையும் வறட்சிக் காலத்தில் எல்லோரும் குறித்துவைக்கிறார்கள். மனிதர்களின் மனத்தில் படியும் வறட்சியை யாரும் குறித்துவைப்பதில்லை. மழை பொய்த்துக்கொண்டே போகும்போது வானத்தை நிமிர்ந்து பார்க்கும் பழக்கமே விட்டுப்போகிறது. சாலையோரப் புல் வைக்கோலாகி, வைக்கோல் தூளாகி, கடைசியில் வெறும் மண் வெடித்துக் கிடக்கிறது. லாரி ஒன்று கடந்துபோனால் எழுகிற புழுதி நெடுநேரம் அடங்குவதில்லை. அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள், பார்க்க ஒன்றும் இல்லாததால்.

இப்போது அதே சாலையில் வண்டிகள் வேகம் குறைகின்றன. ஜன்னல்கள் இறங்குகின்றன. பின்னிருக்கையில் இருக்கும் முதியவர் கொஞ்சம் நிறுத்தச் சொல்கிறார். பிள்ளைகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்குகிறார்கள். முன்பின் அறியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, இந்தப் பூவுக்கு என்ன பெயர் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் கஷ்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மக்கள் ஒரு நல்ல செய்தியைப் பகிர்ந்துகொள்வது அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடும் காட்சி இல்லை. அதை உங்கள் சாலையோரம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். மலைகளுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் போய்வர எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை, பணம் இருப்பதில்லை, உடம்பில் தெம்பும் இருப்பதில்லை. நாள்தோறும் வேலைக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பலர் வசந்தத்தைப் பார்க்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும், மருத்துவமனைக்குப் போகும் நோயாளியும், இரவுப் பணி முடித்துத் திரும்பும் தொழிலாளியும் நுழைவுச்சீட்டு இல்லாமல் பார்க்கக்கூடிய ஒரே பூந்தோட்டம் சாலையோரம்தான். அந்தத் தோட்டத்தின் பொறுப்பாளர்கள் நீங்கள். உங்கள் பதவியின் பெயரில் அது எழுதப்பட்டிருக்காது. ஆனால் உண்மை அதுதான்.

வண்டியில் இருந்து பார்த்தால் தெரிவது நிறம் மட்டுமே. இறங்கி, மண்டியிட்டு உட்கார்ந்தால் வேறோர் உலகம் தெரிகிறது. உயரமான செடிகளின் காலடியில், சட்டைப் பொத்தானை விடச் சிறிய பூக்கள் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இதழ்கள், இதழ்களில் நரம்புபோல் ஓடும் கோடுகள், நடுவில் மகரந்தப் பொடி பூசிய நுனிகள். ஒரு சாண் இடத்தில் எத்தனை வகை இலைகள் என்று எண்ணத் தொடங்கினால் கணக்கு தவறிவிடுகிறது. எறும்புகள் ஏதோ ஒரு காயைச் சுற்றிக் கூடியிருக்கின்றன. சாம்பல் நிறச் சிறு வண்டு ஒன்று மஞ்சள் பூவுக்குள் தலையை விட்டு, தலை முழுவதும் மஞ்சளாகி வெளியே வருகிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் சாலையோரங்களில் பூக்கும் புளூபானெட் என்ற நீல லூபின் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும் அதன் மேலிதழின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். பூ புதிதாக இருக்கும்வரை, உள்ளே மகரந்தம் நிறைய இருக்கும்வரை, பொட்டு வெள்ளை. சில நாள் கழித்து அது சிவந்து ஊதாவாகிறது. தேனீக்கள் இதைப் படித்துவைத்திருக்கின்றன. வெள்ளைப் பொட்டு உள்ள பூக்களைத் தேடிப் போகின்றன, சிவந்தவற்றை விட்டுவிடுகின்றன. ஒரே தண்டில் கீழே சிவந்த பொட்டுகளும் மேலே வெள்ளைப் பொட்டுகளும் இருப்பதைப் பார்த்தால், எந்தப் பூவின் வேலை முடிந்தது, எதன் வேலை இனிமேல்தான் என்று தேனீயைப் போலவே நாமும் சொல்லிவிடலாம். என் வேண்டுகோள் முழுவதும் அந்தத் தண்டிலேயே இருக்கிறது. மேலே பூ, நடுவில் வாடிய பூ, அடியில் பச்சைக் காய் என்று மூன்றும் ஒரே சமயத்தில் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இயந்திரம் வந்து சேர்கிறது.

வறட்சிக்குப் பிறகு வருகிற பூக்காலம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பலர் இதை அதிசயம் என்கிறார்கள். அதிசயம்தான், ஆனால் அதற்குக் கணக்கு உண்டு.

இந்தச் செடிகளில் பெரும்பாலானவை ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து, மடிந்துபோகிறவை. அவற்றின் வாழ்க்கையில் பெரும்பகுதி மண்ணுக்குள் விதையாகவே கழிகிறது. விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைப்பதில்லை. ஒரு பங்கு முதல் ஆண்டில் முளைக்கும், இன்னொரு பங்கு அடுத்த ஆண்டில், மற்றொன்று பல ஆண்டு கழித்து. சில விதைகளின் தோல் மிகக் கடினமானது. வெயிலிலும் குளிரிலும் கிடந்து, மணலில் உரசி, தோல் தேய்ந்த பிறகுதான் அதற்குள் நீர் இறங்கும். பாலை நிலத்துச் செடிகள் சிலவற்றின் விதைகளில் முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருட்கள் இருக்கின்றன. சிறு தூறலுக்கு அவை கரையாது. மண்ணை நனைத்து ஊறவைக்கும் மழை வந்து அவற்றைக் கழுவிக்கொண்டு போனால்தான் விதை கண்விழிக்கும். ஒரு தூறலை நம்பி எல்லா விதைகளும் முளைத்து, அடுத்த வாரமே கருகிப்போனால் அந்த இனமே அழிந்துவிடும். ஆகவே மண்ணுக்குள் எப்போதும் ஒரு கையிருப்பு இருக்கிறது. தாவரவியலாளர்கள் அதை விதை வங்கி என்கிறார்கள்.

அந்தக் கையிருப்பு எத்தனை காலம் தாங்கும்? 1879இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் 20 கண்ணாடிப் புட்டிகளில் மணலையும் விதைகளையும் கலந்து மண்ணில் புதைத்தார். 21 வகைச் செடிகள், ஒவ்வொன்றிலும் 50 விதைகள் என்று ஒவ்வொரு புட்டியையும் நிரப்பியிருந்தார். நெடுங்கால இடைவெளிகளில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டியெடுத்து முளைக்கிறதா என்று பார்ப்பது திட்டம். அவர் போன பிறகும் அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அந்தப் பணியைக் கைமாற்றிக்கொண்டு வந்தார்கள். 2021இல் ஒரு புட்டியைத் தோண்டினார்கள், அதுவும் விடியுமுன் இருட்டில், வெளிச்சம் பட்டு விதைகள் கிளர்ச்சி அடைந்துவிடக் கூடாது என்பதற்காக. 142 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த விதைகள் முளைத்தன. முளைத்தது எந்தச் செடி தெரியுமா? மல்லின் (mullein) என்ற வகையைச் சேர்ந்த ஒரு சாலையோரச் செடி. களை என்று யாரும் திரும்பிப் பாராமல் போகிற செடி.

இப்படிப் பொறுமையாகக் கிடந்த விதைகளுக்கு வறட்சியும் ஒரு வகையில் வழிவிடுகிறது. நல்ல மழைக் காலங்களில் அடர்ந்து வளரும் புற்கள் காட்டுப்பூக்களின் மேல் நிழலைப் போட்டு அவற்றை அமுக்கிவிடும். பட்டுப்போன புல் மெத்தைபோல் தரையில் படிந்து, சிறு விதைகளுக்கு ஒளி கிடைக்காமல் செய்யும். வறட்சி நீண்டால் அந்தப் புற்கள் பட்டுப்போகின்றன, தரை திறந்துகொள்கிறது. பிறகு மழை வரும்போது வெறும் மண்ணும் வெளிச்சமும் போட்டியில்லாத இடமும் விதைகளுக்குக் கிடைக்கின்றன. அதனால்தான் கொடிய வறட்சிக்குப் பின் வரும் நல்ல மழையாண்டில் பூக்கள் இப்படி வெள்ளமாகப் பெருகுகின்றன.

உலகின் பல மூலைகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி. அதன்பின் வந்த மழையில் 2017 வசந்தத்தில் மலைச்சரிவுகள் ஆரஞ்சும் மஞ்சளும் ஊதாவுமாக மாறின. செயற்கைக்கோள் படங்களிலேயே அந்த நிறங்கள் தெரிந்தன. உலகின் மிக வறண்ட இடங்களில் ஒன்றான சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனம் 2015இல் பெய்த மழைக்குப் பிறகு பூத்துக் குலுங்கியது. டெக்சாஸ் 2011இல் தன் பதிவுகளிலேயே மிகக் கொடிய ஓராண்டு வறட்சியைக் கண்டது. அடுத்த வசந்தத்தில் அதன் சாலையோரங்கள் மீண்டும் நீலமாயின. தென்னாப்பிரிக்காவின் நமாக்குவாலாந்தில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், அதாவது அவர்களுடைய வசந்தத்தில், தரிசு நிலம் டெய்சிப் பூக்களால் மூடிவிடுகிறது. அந்தப் பூக்கள் சூரியன் இருக்கும் பக்கமே திரும்பி நிற்பதால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அவற்றின் முகம் தெரியும்.

அப்படியானால் சாலையோரத்துக்கு மட்டும் என்ன சிறப்பு? தார்ச்சாலை ஒரு சொட்டு நீரையும் உள்ளே இழுக்காது. அதன்மேல் விழும் மழை அத்தனையும் இருபுறமும் வழிந்து ஓரத்து மண்ணில் இறங்குகிறது. பக்கத்து நிலத்துக்குக் கிடைக்கும் மழையைவிட ஓரத்துக்குக் கூடுதல் மழை கிடைத்தமாதிரிதான். வறண்ட பகுதிகளில் சாலையை ஒட்டியுள்ள செடிகள் மட்டும் ஓர் அடி உயர்ந்து, கூடுதலாகப் பூத்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் உழவும் மேய்ச்சலும் வேலிக்கு அந்தப்பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. சுற்றிலும் உள்ள நிலம் எல்லாம் வயலாகவும் மனையாகவும் மாறிய பிறகு, பழைய புல்வெளியின் மிச்சம் ஒதுங்கி நிற்பது சாலைக்கும் வேலிக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில்தான். பிரிட்டனில் 1930களுக்குப் பிறகு பூக்கள் நிறைந்த பழைய புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்துவிட்டன. அதே நாட்டின் சாலையோரங்களில் 700க்கும் மேற்பட்ட காட்டுப்பூ வகைகள் வளர்வதாகப் பிளான்ட்லைஃப் என்ற தாவரப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. நீங்கள் ஓரம் என்று அழைப்பது பல செடிகளுக்குக் கடைசிப் புகலிடம்.

இப்போது என் கோரிக்கையின் நடு நரம்புக்கு வருகிறேன்.

வறட்சி நீடித்த ஆண்டுகளில் இந்த மண்ணில் புது விதை ஏறக்குறைய விழவே இல்லை. முளைத்த சிலவும் பூக்காமலே கருகின. அதே ஆண்டுகளில் எறும்புகளும் எலிகளும் பறவைகளும் மண்ணில் இருந்த விதையைத் தின்றுகொண்டே இருந்தன, அவற்றுக்கும் வேறு உணவு இல்லை. கொஞ்சம் மட்கிப்போனது. ஆக, வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தது. இந்த ஆண்டு நல்ல மழை பெய்ததும், மிச்சம் இருந்த கையிருப்பில் பெரும்பங்கு ஒரே மூச்சில் முளைத்துவிட்டது. நாம் கண்டு மகிழ்கிற இந்தப் பூக்கள் எல்லாம் செலவழிந்துபோன விதைகள். இவை காய்த்து விதை உதிர்த்தால், இழந்தது பலமடங்காகத் திரும்பி வந்துவிடும். காய்க்குமுன் வெட்டினால் மண்ணில் மிச்சம் அதிகம் இருக்காது. குடியானவர் எத்தனை பசி வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார். பூக்கும் பருவத்தில் இயந்திரம் ஓட்டுவது விதைநெல்லைக் குத்திப் பொங்குவதற்குச் சமம். அடுத்த வறட்சி எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. வரும் என்பது மட்டும் தெரியும்.

பூ உதிர்ந்ததும் விதை தயாராகிவிடுவதில்லை. செடியைப் பொறுத்துச் சில வாரங்கள் ஆகும். லூபின் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதலில் பச்சையாக, மெல்லிய வெள்ளை மயிர் போர்த்து, பட்டாணிக்காயின் சிறு தங்கைபோல் இருக்கும். நசுக்கினால் உள்ளே விதை பச்சையாக, நீர்ப்பிடிப்போடு இருக்கும். அது முளைக்காது. பிறகு காய் மஞ்சளாகி, பழுப்பாகி, உலர்ந்து முறுகும். நன்றாக முற்றிய ஒரு நாள், நல்ல வெயிலில், காய் டப்பென்று வெடித்து இரண்டாக முறுக்கிக்கொள்ளும். விதைகள் எகிறிப்போய் விழும். வெயில் ஏறும் நேரத்தில் முற்றிய செடிகளுக்கு நடுவே நின்றால் அந்த ஓசை இங்கும் அங்குமாகக் காதில் விழும். அந்த ஓசை கேட்கும்வரை காத்திருக்கும்படிதான் மன்றாடுகிறேன்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் சாலையோரம் பார்க்க அழகாக இருக்காது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பூ உதிர்ந்து, தண்டு பழுத்து, எல்லாம் தாறுமாறாகச் சாய்ந்து கிடக்கும். பூத்தபோது வண்டியை நிறுத்திப் பார்த்தவர்களே, இதை ஏன் இன்னும் வெட்டவில்லை என்று உங்களுக்கு மனு போடுவார்கள். அந்தச் சில வாரங்களில்தான் உங்கள் உறுதி சோதிக்கப்படும். ஓரத்தில் ஒரு சிறு பலகை நட்டு, விதை முற்றுவதற்காக வெட்டாமல் விட்டிருக்கிறோம் என்று எழுதிவைத்தால் பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள். மக்களுக்குக் காரணம் சொன்னால் பொறுமை தானாக வரும்.

நான் கேட்பது புதிதும் அல்ல, நடக்க முடியாததும் அல்ல. டெக்சாஸ் நெடுஞ்சாலைத் துறை 1932இல் ஜாக் கபல்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரைப் பணியில் அமர்த்தியது. வசந்தகாலப் பூக்களும் கோடைத் தொடக்கத்துப் பூக்களும் முடியும்வரை புல்வெட்டுவதைத் தள்ளிவைக்கும் முறை 1934க்குள் அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. பொருளாதார நெருக்கடி நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. இன்று அந்தத் துறை ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பவுண்டு, அதாவது 13 டன்னுக்கு மேல், காட்டுப்பூ விதையை வாங்கி விதைக்கிறது. அந்த மாநிலத்துக்காரரான லேடி பேர்ட் ஜான்சன், அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்தபோது, 1965இன் நெடுஞ்சாலை அழகுபடுத்தல் சட்டத்துக்குத் துணை நின்றார். 1982இல் ஆஸ்டினில் காட்டுப்பூக்களுக்கென்றே ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1987இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், நெடுஞ்சாலைகளில் பசுமை வேலைக்குச் செலவிடும் கூட்டாட்சி நிதியில் குறைந்தது கால் சதவீதம் நாட்டுக் காட்டுப்பூக்களுக்குப் போக வேண்டும் என்றது. கால் சதவீதம் சிறு தொகைதான். ஆனால் ஒரு சாலைத் துறையின் வரவுசெலவுக் கணக்கில் பூவுக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டதே, அதைப் பெரிதாக நினைக்கிறேன்.

விதை வாங்கக்கூட நான் கேட்கவில்லை. உங்கள் மண்ணிலேயே விதை இருக்கிறது. வெட்டாமல் இருப்பதற்குச் செலவும் இல்லை. ஒரு சுற்று குறைந்தால் டீசலும் கூலியும் மிச்சம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. வளைவுகளிலும் சந்திப்புகளிலும் எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும். எச்சரிக்கைப் பலகைகளைச் செடி மறைக்கக் கூடாது. பழுதான வண்டி ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். ஆகவே தாரை ஒட்டி இயந்திரத்தின் ஓர் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள், வளைவுகளில் முழுவதும் வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் உள்ள சரிவையும் வேலியோரத்தையும் விட்டுவிடுங்கள். இப்படி ஓர் இழை வெட்டி, மீதியை விட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. விட்டது அலட்சியத்தால் அல்ல, தெரிந்தேதான் என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். கோடையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும் என்ற அச்சமும் சரியே. அதற்கும் தாரோரத்து வெட்டு உதவும். விதை விழுந்து முடிந்ததும் மீதியை வெட்டிவிட்டால், கடும் கோடைக்குமுன் சாலையோரம் சுத்தமாகிவிடும். நான் கேட்பது சில வாரத் தாமதம் மட்டுமே.

களைக்கொல்லி தெளிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இயந்திரம் வெட்டினாலாவது சில செடிகள் அடியிலிருந்து துளிர்த்து மறுபடி பூக்க முயலும். அகன்ற இலைச் செடிகளைக் குறிவைக்கும் மருந்து காட்டுப்பூக்களைத்தான் முதலில் கொல்கிறது, புல்லை விட்டுவிடுகிறது. பூக்காலத்தில் அதைத் தயவுசெய்து தொடவே தொடாதீர்கள்.

வெட்டாதே என்று நான் கேட்பது பூச்சிகளுக்காகவும்தான். தரையில் வளை தோண்டி வாழும் தனித் தேனீக்கள் எத்தனையோ வகை. வறண்ட நிலத்துத் தேனீ வகைகள் சிலவற்றின் புழுக்கள் மண்ணுக்குள்ளேயே பல ஆண்டுகள் உறக்கத்தில் இருந்து, மழையின் ஈரம் பட்ட பிறகுதான் வளர்ந்து வெளியே வருகின்றன. விதையும் தேனீயும் ஒரே மழைக்காக அருகருகே காத்துக் கிடந்து, ஒரே வசந்தத்தில் எழுந்து வந்திருக்கின்றன. அவை வெளியே வந்து பறக்கிற வாரத்தில் பூக்களை எல்லாம் வெட்டிப்போட்டால், அவற்றுக்குப் போக வேறிடம் இல்லை.

பூப்பார்க்க வருகிறவர்களின் தவறுகளும் எனக்குத் தெரியும். 2019 மார்ச் மாதம் கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் நகருக்குப் பக்கத்தில் உள்ள வாக்கர் பள்ளத்தாக்கில் பாப்பிப் பூக்களைக் காணப் பெருங்கூட்டம் வந்து குவிந்தது. நெடுஞ்சாலை நெரிசலில் திணறியது. படம் எடுப்பதற்காகப் பூக்களின் மேலேயே படுத்தார்கள், மிதித்தார்கள், புதிய பாதைகளை உண்டாக்கினார்கள். கடைசியில் நகர நிர்வாகம் வழியை அடைக்க வேண்டியதாயிற்று. 2023இல் அதே பூக்காலம் மறுபடி வந்தபோது, தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். மனம் கனத்துப்போகிற செய்திதான், ஆனால் அவர்கள் செய்ததைக் குறைசொல்ல மாட்டேன். மிதிபட்ட செடி காய்க்காது. மிதிபட்டு இறுகிய மண்ணில் விதை வேர்விடத் திணறும்.

ஆனால் கூட்டத்தைக் காரணம் காட்டிப் பூக்களையே வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். பூக்கள் அதிகமுள்ள இடங்களில் வண்டி ஒதுங்க ஓர் இடத்தைக் குறித்துக் கொடுங்கள். ஏற்கெனவே வெற்று மண்ணாக இருக்கும் பகுதியை நடைவழியாகக் காட்டுங்கள். பூ பார்க்க வருகிற என்னைப் போன்றவர்களிடம் நான் சொல்லிக்கொள்வதும் அதுவே. தார்விளிம்பிலேயே நிற்காமல் பாதுகாப்பாக ஒதுங்கி நிறுத்துங்கள். செடிகளின் நடுவே இறங்காமல் ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். பறிக்காதீர்கள். பறித்த காட்டுப்பூ வீடு போய்ச் சேருமுன் வாடிவிடும், மண்ணில் விட்டால் விதையாகும்.

இயந்திரம் ஓட்டும் சகோதரர்களே, சகோதரிகளே, உங்களிடம் தனியாகச் சில சொற்கள். அலுவலகத்தில் இருப்பவர்களைவிட உங்கள் சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் உங்களுக்குத்தான் அத்துப்படி. எந்தச் சரிவில் எந்தப் பூ முதலில் வரும், எங்கே கடைசியில் வரும் என்பதை நீங்கள் சொல்வதுபோல் வேறு யாராலும் சொல்ல முடியாது. பூத்துக் குலுங்கும் இடத்துக்கு வந்ததும் கத்தியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகும் ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து உத்தரவு இல்லாமலே, சில சமயம் உத்தரவை மீறியும் அதைச் செய்தார்கள். அந்த நல்ல மனத்துக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி கிடைக்க வேண்டும் என்பதற்காகவும்தான் இந்த மடல்.

அதிகாரிகளே, அட்டவணையில் ஒரு மாற்றம் செய்யுங்கள். இன்ன தேதியில் வெட்டு என்று எழுதாதீர்கள். மழை முன்னும் பின்னுமாகப் பெய்கிறது, பூக்காலமும் அதோடு நகர்கிறது. தேதிக்குப் பதிலாகக் காயைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேற்பட்ட காய்கள் பழுத்து உலர்ந்து, குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கிறதா? சில காய்கள் வெடிக்கத் தொடங்கிவிட்டனவா? அப்போது வெட்டலாம். தனியார் ஒப்பந்தக்காரர் வெட்டுகிறார் என்றால், அந்த நிபந்தனையை அடுத்த டெண்டரில் சேர்த்துவிடுங்கள். எத்தனை சுற்று வெட்டினார் என்று எண்ணிப் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் இருக்கும்வரை, எந்த ஒப்பந்தக்காரரும் பூவுக்காகக் காத்திருக்க மாட்டார்.

வெட்டும்போது கத்தியை உயர்த்தி வையுங்கள். தரையோடு சிரைத்தால் மண் பெயர்ந்து, வெளியிலிருந்து வரும் முரட்டுக் களைகளுக்கு இடம் கிடைத்துவிடும். வேறொரு சாலையில் வேலை முடித்து வரும் இயந்திரத்தைக் கழுவிவிட்டு இறக்குங்கள், களைவிதைகள் பெரும்பாலும் அதில்தான் பயணம் செய்கின்றன. வெட்டிய தண்டுகளைச் சில நாட்கள் அங்கேயே உலரவிட்டால், மிச்சமுள்ள விதையும் உதிர்ந்துவிடும். அதன்பின் முடிந்த இடங்களில் வாரி எடுத்துவிடுங்கள். அங்கேயே மட்கவிட்டால் மண் கொழுத்துப் புல்தான் செழிக்கும். காட்டுப்பூக்களுக்கு மெலிந்த மண்ணே பிடிக்கும். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வேமத் நகருக்குப் புதிய சாலை போட்டு 2011இல் திறந்தபோது, ஓரங்களில் வளமான மேல்மண்ணைக் கொட்டாமல் சுண்ணாம்பு மண்ணையே மெலிதாக விட்டுவைத்தார்கள். அங்கே இன்று புல் மண்டுவதில்லை, பூக்கள் நிறைந்திருக்கின்றன, வெட்டும் வேலையும் குறைந்துவிட்டது. சாலையை அகலப்படுத்தும் திட்டம் எதையாவது நீங்கள் கையில் வைத்திருந்தால், இதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு நாள், அலுவலக வண்டியில் அல்லாமல் நடந்தே, உங்கள் பொறுப்பில் உள்ள சாலையில் கொஞ்ச தூரம் போய்வாருங்கள் என்று அழைக்கிறேன். காலையில் போனால் நல்லது, பல பூக்கள் வெயில் ஏறிய பிறகுதான் விரியும் என்பதால் மிக அதிகாலையும் வேண்டாம். அட்டவணையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் புல்வெட்டும் தேதியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் "விதை முற்றிய பின்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த உத்தரவின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டால், சாலையோரத்தில் நட வேண்டிய அறிவிப்புப் பலகைகளை எழுதித் தரவும், வாரந்தோறும் காய்களைப் பார்த்துச் சொல்லவும் நான் உட்படப் பலர் தயாராக இருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் சாலையில் தினமும் போய்வரும் ஒரு பயணி